கண்ணாடி வீட்ட எப்படி போட்டோ எடுக்கறது: ஃபார்ன்ஸ்வொர்த் ஹவுஸ் பத்தி அடிக்கடி கேக்குற கேள்விகள்

நான் சிகாகோ பக்கத்துல நேப்பர்வில்ல இருக்கேன், வார நாள்ல ஐடி வேலை, சனி ஞாயிறு ஆனா கேமராவ தூக்கிட்டு கெளம்பிடுவேன். இந்த வீட்டுக்கு இதுவரைக்கும் அஞ்சு தடவ போயிருக்கேன், அதுல மொத ரெண்டு தடவ எடுத்த படம் எல்லாமே வேஸ்ட். படத்த பாத்துட்டு ஆளாளுக்கு வாட்ஸ்அப்ல தனித்தனியா கேக்குறாங்க, எல்லாருக்கும் சேத்து ஒரே தடவையா சொல்லிடலாம்னு உக்காந்தேன்.

இது எந்த வீடு, யார் கட்டுனது?

சிகாகோவுல இருந்து தென்மேற்கா 55, 60 மைல்ல ப்ளேனோன்னு ஒரு சின்ன ஊர், அங்க ஃபாக்ஸ் ஆத்தங்கரையில இருக்கு. டிசைன் பண்ணது மீஸ் வான் டெர் ரோ, ஜெர்மனியில பௌஹவுஸ்ங்கிற டிசைன் ஸ்கூலோட கடைசி டைரக்டர், 1938ல சிகாகோவுக்கு வந்து செட்டில் ஆனவரு. கட்டச் சொன்னது எடித் ஃபார்ன்ஸ்வொர்த், சிகாகோவுல கிட்னி டாக்டர், வார கடைசியில வந்து தங்குறதுக்கு ஒரு வீடு வேணும்னு கேட்டாங்க. 1951ல முடிஞ்சுது. எட்டு இரும்புத் தூண், ரெண்டு பலகை மாதிரி தரையும் கூரையும், சுத்தி முழுக்க கண்ணாடி, நடுவுல பாத்ரூம் கிச்சன் எல்லாத்தையும் அடக்குன ஒரு மரப்பெட்டி, அவ்வளவுதான் வீடு. 2003ல ஏலத்துக்கு வந்தப்போ பழைய கட்டடங்கள பாதுகாக்குற ரெண்டு அமைப்பு சேந்து 75 லட்சம் டாலருக்கு எடுத்தாங்க, அதுக்கப்புறம் மியூசியமா திறந்து விட்டாங்க, 2021ல பேர எடித் ஃபார்ன்ஸ்வொர்த் ஹவுஸ்னு மாத்துனாங்க.

அரோரா பாலாஜி கோயிலுக்கு போறவங்களுக்கு ஒரு தகவல், கோயில்ல இருந்து அரை மணி நேர ட்ரைவ்தான். நானே மொத தடவ கோயிலுக்குப் போயிட்டு கேன்டீன் புளியோதரைய கார்லயே சாப்ட்டுட்டு "பக்கத்துல ஏதோ வீடு இருக்காமே"ன்னு போனவன்தான்.

வீடுதானே, அத எடுக்கறதுல அப்படி என்ன கஷ்டம்?

சுவர் இருக்கிற வீட்ட எடுத்தா சுவர் தெரியும். இங்க கண்ணாடிய எடுத்தா ஒண்ணு உள்ள இருக்கிறது தெரியும், இல்ல வெளிய இருக்கிற மரமும் வானமும் தெரியும், இல்ல ரெண்டும் கொழம்பி ஒண்ணுமே தெரியாது. இதுக்குப் பின்னாடி ஒரு சின்ன கணக்கு இருக்கு, இது புரிஞ்சா பாதி வேலை முடிஞ்சுது. ஒத்தை கண்ணாடி மேல நேரா விழுற வெளிச்சத்துல சுமார் 8 சதவீதம் திரும்பி வந்துடும், முன்பக்கம் 4, பின்பக்கம் 4. அதாவது வெளிய இருக்கிற வெளிச்சம் உள்ள இருக்கிறத விட பன்னெண்டு மடங்கு ஜாஸ்தியா இருந்தா, வெளிய நிக்கிற மரத்தோட பிம்பமும் உள்ள இருக்கிற சோபாவும் கிட்டத்தட்ட சமமா தெரியும், கண்ணுக்கு ஒரே கூழா இருக்கும். நல்ல வெயில் அடிக்கிற மத்தியானம் நிலவரம் இதுதான். நான் மொத தடவ போனது ஜூலை மாசம் ஒரு மணிக்கு, கேக்கணுமா.

சாஞ்சு நின்னு பாத்தா இன்னும் மோசம், கோணம் சரியச் சரிய கண்ணாடி கண்ணாடியா இல்லாம முகம் பாக்குற கண்ணாடியாவே ஆயிடும்.

அப்போ எந்த நேரம் போகணும்?

மனசுல இருக்கிற படம் எதுன்னு மொதல்ல முடிவு பண்ணுங்க. வீட்டோட நீளமான பக்கம் ரெண்டும் தெற்கையும் வடக்கையும் பாத்து இருக்கு, ஆறு இருக்கிறது தெற்கால. வாசல் மேற்கு ஓரத்துல திண்ண மாதிரி திறந்து கிடக்கும், படுக்குற இடம் கிழக்கு ஓரத்துல.

காலைல கிழக்கு பக்கம் வெயில் உள்ள பூந்து டிராவர்டைன் கல்லுத் தரை முழுக்க பரவும், அத வெளிய இருந்து பாக்கும்போது உள்ளயும் வெளிச்சம் இருக்கிறதால பிம்பத் தொல்ல கம்மி. மேக மூட்டமா இருந்தா பலரும் போட்டோவுக்கு ஆகாதுன்னு திரும்பிடுறாங்க, நான் அப்போதான் கெளம்புவேன், ஏன்னா வெள்ளை இரும்புல வெயில் பட்டா வெளுத்துப் போயிடும், மேகம் இருந்தா அந்த தூணோட விளிம்பு, கல்லோட சின்னச் சின்ன ஓட்டை எல்லாம் தெளிவா வரும்.

ஆனா இந்த மாதிரி வீட்டுக்கு ராஜா நேரம் சூரியன் மறஞ்சதுக்கு அப்புறம் வர்ற அந்த இருவது நிமிஷம்தான், ப்ளூ ஹவர்னு சொல்றது. வெளிய இருக்கிற வெளிச்சம் எறங்கி எறங்கி உள்ள எரியுற விளக்கோட சமமாகும், பிம்பம் ஒண்ணொண்ணா மறஞ்சு வீடு மெதுவா உள்ளேருந்து தெரிய ஆரம்பிக்கும். சாதா டூர்ல கோடைக்காலத்துல இந்த நேரம் கிடைக்காது, சூரியன் எட்டரை வரைக்கும் நிக்கும், டூர் எப்பவோ முடிஞ்சிருக்கும். நவம்பர்ல கடிகாரத்த ஒரு மணி நேரம் பின்னாடி வெச்சதுக்கு அப்புறம் நாலரை மணி சுமாருக்கே சூரியன் எறங்கிடும், அன்னைக்கு கடைசி டூர் எத்தன மணிக்குன்னு பாத்து புக் பண்ணுங்க, முழு ப்ளூ ஹவர் கிடைக்கலனாலும் சாஞ்ச வெயிலாவது கிடைக்கும்.

அந்த இருவது நிமிஷத்துல செட்டிங்ஸ் என்ன வைக்கணும்?

ஐஎஸ்ஓ 100, எஃப் 8, ட்ரைபாட், ஷட்டர் எவ்வளவு வேணுமோ அவ்வளவு, ரா ஃபைல் (கேமரா கை வைக்காம அப்படியே குடுக்கற ஃபைல்). ஒவ்வொரு ரெண்டு நிமிஷத்துக்கும் ஒரு செட் எடுங்க, ஒரு செட்டுன்னா ரெண்டு ரெண்டு ஸ்டாப் வித்தியாசத்துல மூணு படம் (ஒரு ஸ்டாப்னா வெளிச்சம் ரெண்டு மடங்கு, இல்ல பாதி). எது நல்ல நிமிஷம்னு அங்க நிக்கும்போது தெரியவே தெரியாது, வீட்டுக்கு வந்து பாத்தா பதினொண்ணாவது நிமிஷத்துல எடுத்ததுதான் சரியா இருக்கும், அத எடுக்காம விட்டிருப்போம்.

ஒயிட் பேலன்ஸ, அதாவது வெள்ளை வெள்ளையா தெரிய கேமரா பண்ற கலர் திருத்தத்த, ஆட்டோல விடாதீங்க. உள்ள விளக்கு 2700, 3000 கெல்வின்ல மஞ்சளா இருக்கும், வெளிய 9000 வரைக்கும் நீலமா ஏறும், ஆட்டோ பாவம் எந்தப் பக்கம் சாயறதுன்னு தெரியாம ஒவ்வொரு படத்துக்கும் ஒண்ணு வைக்கும். நான் 3900 பக்கத்துல வெச்சுக்குவேன், உள்ள இதமான மஞ்சள், வெளிய நீலம், ரெண்டும் அதது இடத்துல நிக்கும்.

ஆட்டோ ஹெச்டிஆர்ல, அதாவது சாஃப்ட்வேரே தானா, மூணையும் போட்டு கலக்கறத தயவுசெஞ்சு விட்டுருங்க, வெள்ளை கூரை ஓரத்துல ஒரு வெளிறுன கோடு விழும் பாருங்க, அத பாத்தாலே எனக்கு பல்லு கூசும். படங்கள லேயரா அடுக்கி, வேணுங்கிற இடம் மட்டும் தெரியற மாதிரி கையால மாஸ்க் பண்ணுங்க, இந்த வீட்டுல எல்லாம் நேர்கோடுதான், செலக்ஷன் போடறது ரொம்ப ஈஸி.

போலரைசர் ஃபில்டர் மாட்டுனா கண்ணாடியில விழுற ரிஃப்ளெக்ஷன் போயிடும்தானே?

எல்லாரும் இதத்தான் நம்பி 100 டாலர செலவு பண்றாங்க, நானும் பண்ணேன். கண்ணாடிக்கு நேரா நின்னா போலரைசர் கிட்டத்தட்ட ஒண்ணுமே பண்ணாது, அது வேலை செய்யறது கண்ணாடிப் பரப்புல இருந்து முப்பத்தஞ்சு டிகிரி மாதிரி சாஞ்சு பாக்குறப்போதான். நேரா நின்னு திருகு திருகுன்னு திருகிட்டு "ஃபில்டர் டூப்ளிகேட்டு"ன்னு திட்டுறதுல பிரயோஜனம் இல்ல. இன்னொண்ணு, வைட் ஆங்கிள் லென்ஸ்ல போலரைசர் போட்டா வானத்துல ஒரு பக்கம் கருநீலமும் ஒரு பக்கம் வெளுப்புமா திட்டு விழும்.

இத விட காசு செலவில்லாத வழி ஒண்ணு இருக்கு. வீடு ரெண்டு பக்கமும் கண்ணாடிங்கிறதால, நடுவுல இருக்கிற மரப்பெட்டி மறைக்காத இடமா பாத்து நின்னா இந்தப் பக்க கண்ணாடி வழியா அந்தப் பக்க புல்வெளியே தெரியும், பின்னாடி பளிச்சுன்னு புல்வெளி இருந்தா முன்னாடி இருக்கிற பிம்பம் கண்ணுக்கே தெரியாது. ரெண்டடி இடது ரெண்டடி வலதுன்னு நகந்து பாருங்க, திடீர்னு வீடு காத்து மாதிரி ஆயிடும் ஒரு இடத்துல.

என் உருவமே கண்ணாடியில விழுதே?

கருப்பு சட்ட போட்டுட்டுப் போங்க. ரெண்டாவது தடவ நான் போட்டுட்டுப் போனது நல்ல ரத்தச் செவப்பு ஜாக்கெட், குளிருக்கு. அன்னைக்கு நானூறு படம் எடுத்தேன், வீட்டுக்கு வந்து ஸ்க்ரீன்ல போட்டா எந்தப் படத்த பாத்தாலும் கண்ணாடியில ஒரு தக்காளி நிக்குது. வொய்ஃப் எட்டிப் பாத்துட்டு "வீடு எங்கங்க?"ன்னாங்க. அதுல இருந்து கருப்பு ஹூடி, கருப்பு ட்ரைபாட், தேவைப்பட்டா கேமராவ சுத்தி பிடிக்க ஒரு கருப்புத் துணி. ஃப்ளாஷ் போடவே போடாதீங்க, வெளிய இருந்து அடிச்சா கண்ணாடியில வெள்ளையா வெடிக்கும், கூட டூர் வந்தவங்க மொறைப்பாங்க.

என்ன லென்ஸ் எடுத்துட்டுப் போறது?

ஃபுல் ஃப்ரேம் (பழைய ஃபிலிம் அளவு சென்சார்) கேமரான்னா 24ல இருந்து 35 எம்எம், அப்புறம் ஒரு 50. பதினாறு எம்எம் போட்டா ஓரத்துல இருக்கிற தூண் இழுத்து விட்ட சூயிங்கம் மாதிரி தடிமனாயிடும், மீஸ் தூணுக்குத் தூண் சரியா 22 அடி விட்டு நிறுத்துனாரு, நம்ம லென்ஸ் அத ஒண்ணு 18 ஒண்ணு 30 மாதிரி காட்டும். கிட்டப் போய் வைடா எடுக்கறத விட புல்வெளியில பின்னாடி நடந்து போய் 50ல எடுக்கறது இந்த வீட்டுக்கு மரியாதை.

தூண் எல்லாம் உள்பக்கமா சாயுதே, என்ன பண்றது?

கேமராவ மேல தூக்கிப் பிடிச்சதால வர்றது அது. கேமராவுக்குள்ளயே லெவல் கோடு இருக்கும், அத ஆன் பண்ணி மட்டமா வெச்சுக்கங்க. கூரை வெட்டுப்படுதுன்னா லென்ஸ தூக்காதீங்க, இன்னும் பின்னாடி போங்க, கீழ வர்ற புல்ல அப்புறம் க்ராப் பண்ணிக்கலாம். காசு இருக்கிறவங்க டில்ட் ஷிஃப்ட் லென்ஸ் வாங்கலாம், வாடகைக்கும் கிடைக்கும், அதுல கேமராவ மட்டமா வெச்சுட்டே லென்ஸ மட்டும் மேல நகத்திக்கலாம். லைட்ரூம்ங்கிற எடிட்டிங் சாஃப்ட்வேர்ல நேர் பண்ற பட்டன் இருக்கு, கொஞ்சமா சாஞ்சிருந்தா அதுவே போதும், ரொம்ப சாஞ்சதுக்கு அத போட்டா வீடு ஒல்லியாயிடும்.

கேமராவ எந்த உயரத்துல வைக்கணும்? கண் உயரம் போதாதா?

இந்தக் கேள்விய யாராவது கேக்க மாட்டாங்களான்னு காத்துட்டு இருந்தேன். வெள்ளத்துக்கு பயந்து வீட்டுத் தரைய மண்ணுல இருந்து 5 அடி 3 அங்குலம் தூக்கி வெச்சிருக்காரு. அது கிட்டத்தட்ட நம்ம கண் உயரம். அதனால புல்வெளியில நின்னு சும்மா கண் உயரத்துல எடுத்தா தரையோட மேல்பக்கமும் தெரியாது அடிப்பக்கமும் தெரியாது, தரைங்கிறது ஒரே ஒரு வெள்ளைக் கோடாயிடும். அதுக்கு மேல ஒரு கோடு கூரை, நடுவுல மரம், காத்து. அந்தப் படம் வேணும்னா ட்ரைபாட 5 அடி 3ல நிறுத்துங்க, ரெண்டு அங்குலம் மாறுனாலும் வித்தியாசம் தெரியும்.

வீடு மிதக்கற மாதிரி வேணும்னா முழங்கால் உயரத்துக்கு எறக்குங்க, அடியில இருக்கிற நிழலும் காலி இடமும் தெரியும். திண்ணையும் படிக்கட்டும்தான் முக்கியம்னா கைய மேல தூக்கி ஆறரை அடியில இருந்து எடுங்க, அப்போ தான் கல்லு பதிச்ச வரிசை தெரியும், ஒவ்வொரு கல்லும் 2 அடி 9 அங்குலத்துக்கு 2 அடி, வீடு முழுக்க அந்த அளவுலயே ஓடும். கீழ் திண்ணையில கல்லுக்கும் கல்லுக்கும் நடுவுல சிமென்ட் கிடையாது, மழத் தண்ணி அந்த இடுக்குல எறங்கி அடியில இருக்கிற ஜல்லிக்குப் போயிடும், அதனால தான் தண்ணி ஓட சரிவு வைக்காம தரைய மட்டமா வைக்க முடிஞ்சுது. குனிஞ்சு அந்த இடுக்க ஒரு க்ளோஸ் அப் எடுங்க, அதே மாதிரி தூண் தரையோட சேர்ற இடத்தையும் எடுங்க, ஒரு போல்ட் கண்ணுல படாது, வெல்டிங் பண்ணி தேச்சு மழுங்கடிச்சு வெள்ளை அடிச்சிருக்காங்க. ஏதோ காந்தம் மாதிரி ஒட்டிட்டு நிக்கும் ரெண்டும்.

வெள்ளை பெயின்ட் என் படத்துல பச்சையா வருது, கேமரா கெட்டுப் போச்சா?

இல்லங்க, அது புல்லு. கோடையில வெயில் புல்வெளியில பட்டு எகிறி கூரையோட அடிப்பக்கத்துல பச்சையா ஒட்டிக்கும், கண்ணு அத கண்டுக்காது, சென்சார் கண்டுக்கும். மொத்தமா டின்ட்ட மெஜந்தா பக்கம் தள்ளுனா புல்லு செத்த மாதிரி ஆயிடும், அதனால வெள்ளைப் பகுதிய மட்டும் மாஸ்க் பண்ணி பச்சையோட சேச்சுரேஷன பாதிக்கு எறக்குங்க. முழுசா எடுக்காதீங்க, கொஞ்சம் பச்சை இருக்கறதுதான் நிஜம்.

பனி கிடக்கறப்போ எடுத்த படங்கள பாருங்க, கீழ இருந்து வெள்ளை வெளிச்சம் எகிறி சீலிங்கே ட்யூப்லைட் மாதிரி இருக்கும். எனக்குப் பிடிச்ச சீசன் அக்டோபர் கடைசி, இலை பாதி கொட்டி, மீதி மஞ்சளா, கொசுவும் செத்திருக்கும்.

பழைய படங்கள்ல இருக்கிற அந்தப் பெரிய மரம் எங்க போச்சு?

தெற்குப் பக்கம் வீட்ட ஒட்டி நின்ன மேப்பிள் மரம், பட்டுப் போய் எடுத்துட்டாங்க. பழைய படம் எல்லாத்துலயும் அந்த மரம்தான் வீட்டுக்கு ஒரு ஓரத்த பிடிச்சுட்டு நிக்கும். அதே ஃப்ரேம திருப்பி எடுக்கணும்னு யாரும் வீம்புக்கு நிக்காதீங்க, காலியா இருக்கும்.

இந்த மாதிரி வீடுகளோட போட்டோவ பாத்து கத்துக்கணும்னா யாரோடத பாக்குறது?

ஜூலியஸ் ஷுல்மன். கலிஃபோர்னியா பக்கம், இந்த வீடு இல்ல, ஆனா இந்த வகை வீட்ட உலகத்துக்கு பிரபலம் பண்ணவரே அவர்தான். 1960ல ஹாலிவுட் மலை மேல பியர் கோனிக் கட்டுன ஸ்டால் ஹவுஸ ஒரு ராத்திரி எடுத்தாரு, கண்ணாடி மூலையில ரெண்டு பொண்ணுங்க உக்காந்து பேசிட்டு இருப்பாங்க, கீழ லாஸ் ஏஞ்சல்ஸ் முழுக்க விளக்கு. நீங்க பாத்திருப்பீங்க, பாக்காதவங்க இருக்க முடியாது. ஊரோட விளக்குக்காக ஷட்டர சுமார் ஏழு நிமிஷம் திறந்து வெச்சுட்டு, அதே நெகட்டிவ்லயே கடைசியா ஃப்ளாஷ் பல்ப் அடிச்சு பொண்ணுங்கள பதிவு பண்ணாரு. நாம லேயர் போட்டு பண்றத அவர் ஒத்தை ஃபிலிம்ல பண்ணிருக்காரு.

பாம் ஸ்ப்ரிங்ஸ்ல ரிச்சர்ட் நாய்ட்ரா கட்டுன காஃப்மன் வீட்ட ஷுல்மன் 1947ல எடுத்தது இன்னொண்ணு. சாயங்காலம் வெளிய வெளிச்சம் அருமையா மாறுறத பாத்து, நாய்ட்ரா கூப்பிடக் கூப்பிட கேக்காம கேமராவ தூக்கிட்டு வெளிய ஓடி, உள்ள விளக்க போட்டும் அணைச்சும் முக்கா மணி நேரம் ஒரே படத்த எடுத்தாரு. நீச்சல்குளத்துப் பக்கம் ஒரு விளக்கு கண்ண கூசுதுன்னு அந்த வீட்டம்மாவையே அதுக்கு முன்னாடி படுக்க சொன்னாரு, இன்னைக்கு அந்தப் படத்துல அவங்கதான் அழகு. ஷுல்மன் பண்ற இன்னொரு தில்லாலங்கடி, மரமே இல்லாத இடத்துல ஒரு கிளைய வெட்டிட்டு வந்து கேமரா முன்னாடி பிடிக்கச் சொல்லுவாரு. நீங்க இங்க கிளை எதையும் ஒடைக்காதீங்க சாமி.

படத்துல ஆள் இருக்கலாமா?

இருக்கணும்னே சொல்லுவேன், ஆனா ஒரே ஒருத்தர், அதுவும் சின்னதா. ஆள் இல்லாம எடுத்தா இந்த வீடு கார் ஷோரூம் மாதிரி இருக்கு. டூர்ல மத்தவங்க நடந்துட்டே இருப்பாங்க, திட்டாம காத்திருங்க, யாராவது ஒருத்தர் தனியா நின்னு ஆத்த பாப்பாங்க, அதுதான் உங்க படம். மொகம் தெரியற மாதிரி இருந்தா கேட்டுக்கங்க.

பெர்மிஷன் வேணுமா? எடுத்த படத்த விக்கலாமா?

அமெரிக்க சட்டப்படி 1990 டிசம்பர் 1க்கு முன்னாடி கட்டி முடிச்ச கட்டடத்துக்கு கட்டடக்கலை காப்பிரைட்டே கிடையாது, அதனால மீஸோட டிசைன படம் எடுத்தீங்கன்னு யாரும் கேஸ் போட மாட்டாங்க. ஆனா நீங்க நிக்கிறது அவங்க இடம், டிக்கெட் வாங்குறப்போ அவங்க கண்டிஷனுக்கு ஒத்துக்கிட்டுதான் உள்ள போறீங்க. சொந்தத்துக்கு எடுக்கறது ஒரு கணக்கு, விளம்பரத்துக்கோ கல்யாண ஷூட்டுக்கோ எடுக்கறது வேற கணக்கு, அதுக்கு முன்கூட்டியே எழுதி வாங்கணும். ட்ரைபாட் விஷயத்த புக் பண்றப்பவே மெயில் போட்டு கேட்டுருங்க. ட்ரைபாட தூக்கிட்டு ஆத்தோரமா மரத்துக்கு நடுவுல நடந்துதான் வீட்டுக்கே போகணும், போயிட்டு கூடாதுன்னா வயிறு எரியும்.

ட்ரோன்?

அனுமதி இல்லாம பறக்க விடாதீங்க. மேல இருந்து பாத்தா வெறும் செவ்வகம்தான் தெரியும், விடுங்க.

போன் மட்டும்தான் இருக்கு ப்ரோ.

தாராளமா போங்க. 0.5 ஜூமுக்கு போகாதீங்க, 1லயும் 2லயும் எடுங்க, க்ரிட் கோட ஆன் பண்ணி தூணோட ஒட்ட வைங்க, வெளிச்சத்த கொஞ்சம் எறக்கி லாக் பண்ணுங்க. கண்ணாடிக்கு கிட்ட இருந்து உள்ள எடுக்கறதுக்கு போன்தான் பெரிய கேமராவ விட வசதி, ஆனா கண்ணாடி மேல வெச்சு அழுத்திடாதீங்க.

இவ்வளவு அழகான வீட்ட அந்த டாக்டரம்மா ஏன் வித்துட்டாங்க?

நீங்களே போட்டோ எடுக்கறப்போ யோசிச்சுப் பாருங்க. சாயங்காலம் உள்ள விளக்க போட்டதும் வெளிய நிக்கிற நமக்கு எல்லாம் தெரியுதுன்னு சந்தோஷப்படுறோம்ல, உள்ள இருந்தது அவங்க. உள்ள இருக்கிறவங்களுக்கு ராத்திரி வெளிய ஒண்ணும் தெரியாது, கண்ணாடியில தன்னோட உருவம்தான் தெரியும், அந்த 8 சதவீதம் இப்போ உள்பக்கமா வேலை செய்யும். ரோட்டுல இருந்து பாத்தா சமையல் கட்டு முழுக்க தெரியும்னு சிங்க்குக்கு அடியில குப்பைத் தொட்டி கூட வைக்கறதில்லன்னு 1953ல ஒரு பத்திரிகைகிட்ட சொல்லிருக்காங்க. திறக்கற ஜன்னல் கிழக்குப் பக்கம் ரெண்டே ரெண்டு சின்னது. கோடையில வெந்து, குளிர்ல கண்ணாடியில தண்ணி கோத்து, கொசுவுக்கு திண்ணைய சுத்தி வலை அடிச்சுக்கிட்டாங்க. செலவு ஏறிப் போச்சுன்னு மீஸுக்கும் அவங்களுக்கும் கோர்ட் கேஸே நடந்துச்சு. அஞ்சடி தூக்கிக் கட்டியும் 1954ல வெள்ளம் வீட்டுக்குள்ள வந்துச்சு, அவங்க வித்ததுக்கு அப்புறம் 1996லயும் 2008லயும் கூட வந்துச்சு. அவங்க இருந்தப்பவே பக்கத்துல புதுசா பாலம் வந்து வண்டி சத்தமும் சேந்துக்கிச்சு, 1972ல லண்டன்காரர் ஒருத்தருக்கு கை மாத்தி விட்டுட்டு இத்தாலிக்குப் போயிட்டாங்க. அவர் வந்து மொத வேலையா அந்த கொசு வலைய கழட்டுனாரு. நாம பாக்குற சுத்தமான படம் எல்லாம் வலை இல்லாத வீடு.

ஒரே ஒரு படம்தான் எடுக்க முடியும்னா எங்க நிப்பீங்க?

தென்கிழக்கு மூலையில இருந்து புல்வெளியில ஒரு அறுபது எழுபது அடி தள்ளி, 50 எம்எம், 5 அடி 3 அங்குலம், மேக மூட்டம். படுக்குற பக்கம் முன்னாடி வரும், அந்த ரெண்டு சின்ன ஜன்னலும் ஃப்ரேம்ல இருக்கும், பட்டு திரைச்சீலை பாதி மூடியிருந்தா இன்னும் விசேஷம். கருப்பு சட்டய மறந்துடாதீங்க.